குடிக்காமலே தள்ளாடினேன்

பூமிதான் ஆடுகிறது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

சுனாமி வந்துபோய்ச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. ஒருநாள் காலை கண் விழித்தால் கட்டில், மின்விசிறி, சுவரிலிருந்த மாதா படம் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. வாசல் வரை தவழ்ந்து போய், "பூகம்பம்! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். தெருவே வந்துவிட்டது. ஆடியது நான் மட்டும்தான்.

பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எல்லாரும் 'மிசே'தான், பிரெஞ்சில் 'ஐயா'. "என்ன மிசே, காலையிலயேவா?"

புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு சொட்டு வாயில் வைக்காதவன் நான். அந்தப் பெருமை அன்றோடு போனது.

காதுக்குள் சமநிலையைக் கவனிக்கும் நரம்பில் கோளாறு என்றார் டாக்டர். காது இருப்பதே மனைவி சொல்வதைக் கேட்காமலிருக்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மருந்தில் சுற்றல் நின்றது, தள்ளாட்டம் நிற்கவில்லை. என் தொழிலோ ஏணியில் ஏறி லைட் கட்டுவது. எங்கள் மாதா கோயில் திருவிழாவில் கோபுரத்துக்கு வருடா வருடம் சீரியல் செட் போடுவது நான்தான்.

"இந்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கறோம். நீ கீழ நின்னு வேலை சொல்லு, போதும்" என்றார் கமிட்டிப் பெரியவர். வந்த கோபத்தில் பூமி இன்னொரு தடவை ஆடியது.

தள்ளாட்டம் போக ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண், கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்த கனத்த கண்ணாடி ஒன்றை என் கண்ணில் மாட்டி, இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஏதோ கேமாம். பார்த்தால், மலைகளுக்கு நடுவே ஒரு பலகைப் பாலத்தில் நிற்கிறேன். கீழே பாதாளம். அப்படியே உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கிவிட்டேன்.

"சார், தரையிலதான் நிக்கறீங்க!"

"எனக்குத் தெரியுதும்மா. இந்தக் காலுக்கு நீயே சொல்லு."

வெளியே பெஞ்சில் என் மனைவி பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது: "கம்ப்யூட்டர்ல நடக்கறதுக்கே மாதாவக் கூப்பிடறாரு. கோபுரம் ஏறப்போறாராம்!"

அதுதான் உறைத்தது. மறுபடி மாட்டச் சொன்னேன். விழுந்தேன். கேமில் பாதாளத்துக்குள் விழுந்ததும் சங்கு ஊதுவதுபோல ஒரு சத்தம்; பிறகு அதே பாலம். அடியே படவில்லை. அது புரிந்ததும் எனக்கு ஒரு திமிர் வந்தது. "எங்க, இப்பத் தள்ளு பாப்போம்" என்று பாதாளத்தையே வம்புக்கு இழுத்தேன்.

வாரா வாரம் போனேன். தலையைத் திருப்பித் திருப்பி நடக்கச் சொன்ன பயிற்சியை வீட்டுக்குள் ஒளிந்து செய்யாமல் நடுத்தெருவிலேயே செய்தேன்.

"இன்னும் தெளியலையா மிசே?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"இல்ல மிசே, ஏறிக்கினே இருக்குது. உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டா?"

திருவிழா நெருங்கியபோது, ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்; கமிட்டிப் பெரியவரும் சரி என்றார். ஏணியில் கால் வைத்ததும் நடுங்கியது. நடுங்கட்டும் என்று அந்தக் காலோடுதான் ஏறினேன். அந்த வருடமும் கோபுரத்துக்கு விளக்கு கட்டியது நான்தான்.