மார்கழியில் பட்டினி கிடந்த தவளை

எங்கள் மகள் பிரிஸ்பேனுக்குப் படிக்கப் போனபோது, தான் வளர்த்த தவளையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பச்சை மரத்தவளை, பூர்வீகம் ஆஸ்திரேலியா. அதன் சொந்த நாட்டுக்கு இவள் போய்விட, அது பாசிர் ரிஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது.

தினமும் தொலைபேசியில் அழைப்பாள். "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதுதானே நம் வழக்கம்? இவளும் கேட்பாள்: "அப்பா, அது சாப்பிட்டுச்சா?" பெற்றவன் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் அது சாப்பிடுவதைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எரிச்சல் போய்விட்டது. செத்த பூச்சியை மூக்கடியில் வைத்தாலும் கண்டுகொள்ளாது. சில்வண்டு அசைந்தால்தான் அதன் கண்ணுக்கு அது உணவு. நீண்ட இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டினால், முதலில் தலை மெல்லத் திரும்பும். பிறகு ஒரே பாய்ச்சல். விழுங்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்ளும். ருசியில் சொக்கிப்போகிறது என்று நினைத்திருந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், அந்தக் கண்கள் உள்பக்கமாக இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றனவாம். கண்ணால் சாப்பிடுவது என்று நாம் சும்மா சொல்கிறோம். இது நிஜமாகவே செய்கிறது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை முடிந்து, தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எம்ஆர்டி ரயிலில் வந்து சேர்ந்ததும் நேராகத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

என் மனைவி இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தாள். சில்வண்டு டப்பா சமையலறைப் பக்கம் வரக்கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டில் யாருக்கும் அசைவம் கிடையாது, தவளைக்கும்தான். வளர்ந்த தவளைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தீனி போட்டால் போதும் என்பதால் நானும் மறுக்கவில்லை. அவள் தொட்டியின் கிட்டேகூட வரமாட்டாள். ஆனாலும் அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு பேச்சுவார்த்தை இருந்தது. அவள் மிக்ஸியைப் போட்டால் மழையோ என்னவோ என்று நினைத்துத் தவளை கத்தும். "சட்னிதான் அரைக்கிறேன், சும்மா இரு லா" என்று சமையலறையிலிருந்தே அதட்டுவாள்.

மார்கழி பிறந்தது. விடாத மழை, சன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தோம். தவளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

முதலில் சிரித்தோம். "பார்த்தீங்களா, மார்கழி விரதம்" என்றாள் மனைவி. பச்சை உடம்பு மங்கிப் பழுப்பானதும் சிரிப்பு நின்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாயைத் திறக்காமலே கெட்டுவிடும் போலிருந்தது. மகள் பொங்கலுக்கு வருவதாக இருந்தாள். அவளிடம் "ம், நல்லா இருக்கு" என்று மழுப்பிவிட்டு, தொட்டியைப் பார்த்தபடி நிற்பேன். எனக்குப் பயமாக இருந்தது.

குழாய்த் தண்ணீரின் குளோரின் முறிய ஊற்றும் சொட்டுமருந்தைப் புதிதாக வாங்கினேன். சில்வண்டுகளுக்குக் கேரட் போட்டுக் கொழுக்க வைத்தேன். சில்வண்டு வாங்கும் கடையையும் மாற்றினேன். எதற்கும் அது அசையவில்லை. ஒரு நாள் மனைவியே வந்து, "ஏங்க, தேங்காய் அரைச்சேன். அது கத்தவே இல்ல" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவ, உள்ளே விரித்திருந்த தேங்காய் நாரை அள்ளினேன். கமகமவென்று சாம்பிராணி வாசம். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்த தாளை முகர்ந்தேன். அதே வாசம்.

தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தண்ணீரையும் தோல் வழியாகவே குடிக்கிறது. அதனால்தான் சோப்பு போட்ட கையைக்கூட நன்றாக அலசாமல் அதைத் தொடமாட்டேன். மற்ற மாதங்களில் மனைவி வெள்ளிக்கிழமை மட்டும், சன்னல் திறந்திருக்கும் வீட்டில் புகை காட்டுவாள். மார்கழியில் தினமும் சாயங்காலம், தேக்காவில் வாங்கிய கப் சாம்பிராணியை ஏற்றி அறை அறையாகக் காட்டுவாள். நான் வேலையிலிருந்து வருவதற்குள் புகை அடங்கி வாசம் மட்டும் மிஞ்சியிருக்கும். எனக்கும் பிடித்த வாசம், அதனால் அந்தப் புகை தவளையின் தோலில் ஏறும் என்று யோசிக்கவே இல்லை.

சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன்.

"ஒரு தவளைக்காக மார்கழி மாசம் சாமிக்கு சாம்பிராணி போடக்கூடாதா?" என்றாள்.

"போடக்கூடாதுன்னு சொல்லல. உள்ள வேணாம்னுதான்..."

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் வேற வேலை இல்ல."

தொட்டியைக் கழுவி, புது நார் போட்டு, சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தேன். அவள் அதை மூடவில்லை. அடுத்த நாட்களில் வீட்டுக்குள் சாம்பிராணி வாசமும் வரவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததுமே வாசம் வந்தது. எங்கள் வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கப் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

மெதுவாகத் திறந்தேன். தொட்டி முன்னால் முக்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி இடுக்கியைப் பிடித்திருந்தாள். அதன் நுனியில் சில்வண்டு துடித்தது.

"வெள்ளிக்கிழமை..." என்று இழுத்தேன்.

"சத்தம் போடாதீங்க, திரும்புது."

தவளையின் தலை மெல்லத் திரும்பியது. ஒரே பாய்ச்சல். இடுக்கி காலியானது. கண்கள் மூடி உள்ளே இறங்கின, திறந்தன, மறுபடி இறங்கின.

"பசிச்ச வாய்க்கு என்னங்க கிழமை" என்றாள், அதையே பார்த்தபடி.

தொலைபேசி அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவளே எடுத்தாள். மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், "சாப்பிட்டுச்சுடி" என்றாள். "என் கையால சாப்பிட்டுச்சு."