கப்பலை விட்டு இறங்கின மனுஷன்

எங்க வீட்டுக்காரர் பேசினா, சண்டைனு நினைச்சு பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறப்பாங்க. சண்டையெல்லாம் இல்லைங்க, "உப்பு எங்கே?"னுதான் கேட்டிருப்பாரு. பதினெட்டு வயசுல கடற்படையில சேர்ந்து, முப்பது வருஷம் எஞ்சின் ரூம்லயே கிடந்த மனுஷன். அங்க கத்தினாத்தான் காதுல விழும். கடைசியில அங்க எல்லாருக்கும் மேல சீஃப் ஆகி ரிட்டையர் ஆனாரு. பதவி போச்சு, கத்தல் மட்டும் வீட்டுக்கு வந்துடுச்சு.

வந்த வாரமே வீட்டைக் கப்பலாக்கிட்டாரு. கேஸ் சிலிண்டரைக் கயித்தால ஜன்னல் கம்பியோட கட்டினாரு. டிவியைக் கட்டினாரு. பூந்தொட்டியைக்கூட விடல. "ஆடுறதுக்கு இங்க என்ன அலையா அடிக்குது? என்னையும் கட்டிப்போட்டுடுங்க"னேன். "உன்னைத்தான் அப்பவே கட்டியாச்சே"னு ஒரு சிரிப்பு வேற.

கதவு கதை இன்னும் மோசம். எந்தக் கதவைத் தாண்டினாலும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாகணும். கப்பல்ல ஒரு அறையில தண்ணி புகுந்தா அடுத்த அறைக்குப் போகக்கூடாதாம். அதுக்காக? நான் பாத்ரூம்ல குளிச்சிட்டிருக்கேன், வெளியில தாழ்ப்பாளைப் போட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு! அன்னிக்கு நான் போட்ட கூச்சல்ல டீச்சர் நேரா வீட்டுக்கே ஓடி வந்துட்டாங்க.

மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவாரு. கரண்ட் போய் ஃபேன் நின்னா போதும், தூக்கிவாரிப்போட்டு எழுந்து ஓடுவாரு. எஞ்சின் சத்தம் இருக்கிற வரைக்கும் நிம்மதியாம், நின்னாத்தான் ஆபத்தாம். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும்.

அவர் இல்லாமலே வாழ்ந்து பழகினவ நான். பொண்ணு பொறந்தப்போ நடுக்கடல்ல இருந்தாரு. அவ பல்லு முளைச்சதையே போட்டோவுலதான் பார்த்தாரு. ஆனா அவர் கிளம்புறப்போ ஒரு தடவைகூட நான் "போகாதீங்க"னு சொன்னதில்ல. சொல்லி என்ன ஆகப்போகுது, கப்பல் நிக்குமா? என் வேலை பையைக் கட்டுறது. உத்தரவு வந்த அன்னிக்கே சட்டையெல்லாம் உருட்டி அடுக்கி, பையைக் கதவோரம் வச்சிடுவேன். அழுகை அப்புறம், அவர் தலை மறைஞ்ச பிறகு.

போன மாசம் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனிக்காரன் போன் பண்ணினான். எஞ்சின் ரூமுக்கு ஆள் வேணும், ரெண்டு வருஷம், வர்றதா இருந்தா நாளைக்கே கிளம்பணும்னான். இவர் போனைக் கையில பிடிச்சுக்கிட்டே என்கிட்ட வந்து, "நீ என்ன சொல்றே?"னாரு.

மனுஷனுக்குக் கரை ஒத்துவரல, மனசு அங்கதான் கிடக்குதுனு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். "உங்க இஷ்டம்"னுட்டு உள்ள போயிட்டேன். போனவ சும்மா இருந்தேனா? இந்தப் பாழாப்போன கை அலமாரியைத் திறந்து, சட்டையை உருட்டி, பையைக் கட்டிக் கதவோரம் வச்சிடுச்சு.

காலையில பையைப் பார்த்தாரு. குளிச்சாரு, ஷூ மாட்டினாரு, பையைத் தோள்ல போட்டாரு. "வரேன். நான் இல்லேன்னா உனக்கும் தொல்லை விட்டுது"னாரு. கத்தவே இல்ல, மெதுவா சொன்னாரு. அதுதான் என்னைப் போட்டு அறுத்துச்சு.

தொல்லையா? யாரு சொன்னது? அடக் கடவுளே, பையைக் கட்டினதால நானே போகச் சொல்றேன்னு நினைச்சுட்டாரு! செருப்புகூட போடாம தெருவுல ஓடினேன். பாதித் தெரு தாண்டிட்டாரு.

"போகாதீங்க!"

காது மந்தம், திரும்பல.

"யோவ் சீஃப்! போகாதேய்யா! எனக்கு நீ வேணும்யா!"

தெருவே திரும்பிப் பார்த்துச்சு. வெட்கமாவது ஒண்ணாவது! அவர் நின்னாரு. பையைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்தாரு. கண்ணெல்லாம் தண்ணி.

"ஒவ்வொரு தடவையும் நீ இதைச் சொல்லுவியானுதான் ஷூ லேஸை அவ்வளவு நேரம் கட்டுவேன்"னாரு.

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

"நிக்க முடியாது. அதைக் கேட்டுட்டாவது போயிருப்பேன்ல?"