கரண்ட் போன நாள் யாருடைய முறை

அண்ணனும் நானும் நிலத்தைப் பிரித்தோம். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரே கிணறு, ஒரே மோட்டார். அண்ணன் பங்கை அவன் மனைவி, என் மைனி, பார்த்துக்கொண்டார். அண்ணன் குவைத்திலிருந்து போனில் சொன்னான்: "டர்ன் அண்ட் டர்ன் அபவுட் வச்சிக்கிடுங்கலே."

"அப்படீன்னா?"

"இஞ்ச ஒரு கிரேனுக்கு ரெண்டு ஆளு. எங்க ஃபோர்மேன் இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவான். ஒருநாள் உனக்கு, மறுநாள் உன் மைனிக்கு. பொறவு திரும்ப உனக்கு."

முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச எதற்கு இங்கிலீஷ் என்று எரிச்சல் வந்தது. நம் கால்வாயில் நடப்பதுதானே. கரண்ட் போனால் அந்த முறை யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, ஃபோர்மேனும் சொல்லவில்லை.

அதை நான்தான் முடிவு செய்தேன். போன கோடையில் மைனியின் நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் என் முறை; அதில் பாதியைக் கேட்டு வந்தார். "போன முறை போனதுதான்" என்று வேலியில் நின்று கத்தினேன். தண்ணீர் இல்லாமல் அவருடைய தோட்டத்தில் நாலு மூடு வாழை குலையோடு ஒடிந்து விழுந்தது.

இந்தக் கோடையில் என் நாளில் கரண்ட் போயிற்று. என் நேந்திரன் வாழை முழுக்கக் குலை தள்ளி நின்றது, மூட்டைச் சுற்றிய தடத்து மண் வெடித்துக் கிடந்தது. அடுத்த நாளும் தண்ணீர் இல்லையென்றால் தாங்காது. மறுநாள் காலையிலேயே போனேன். மைனி மோட்டார் அருகே நின்றார்.

"என்ன கொழுந்தனாரே, வழி தப்பி வந்திட்டீரா?"

"மத்தியானம் வரைக்கும் எனக்கு விடணும் மைனி."

"போன முறை போனதுதான்னு ஒருத்தர் கத்துனாரே. அவரை எங்க விட்டுட்டு வந்தீரு?"

"நான் சொன்னது தப்பு." இதைச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கிணத்துக்குள்ள பாரும். நேத்து யாரும் இறைக்கல்ல, ரெண்டு நாளு ஊத்து சேந்து கெடக்கு. ரெண்டு பேருக்கும் போதும். போன வருசமும் இப்படித்தான் கெடந்துது. நீரு எட்டிப் பாக்கல்ல."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மதியம் வரை இறைத்தேன். கடைசி மூடு நனைந்ததும் நானே மடையை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு குலையும் ஒடியவில்லை.

இப்போது கரண்ட் போனால் மறுநாளைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்கிறோம். என் மோட்டார் நேரம் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடினால் மைனி திட்டுவார். நானும் திட்டுவேன். நிம்மதியாகத்தான் போகிறது.