பெயர் தெரியாதவருக்கு ஒரு பிடி சோறு

மூன்று வருடங்களுக்கு முன், காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். வண்டன்மேட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. நாளெல்லாம் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு வந்து மகளுக்குத் தலை பின்னும்போதுதான் பார்த்தேன். ஒரு தோள் ஏறி, இன்னொன்று இறங்கியிருந்தது. பள்ளிக்கூடப் பையின் கனம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். அடுத்த வருடம் தைத்த சுடிதாரும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது.

அப்புறம் போடிமெட்டு இறங்கி மதுரைக்கு அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அப்பப்பா! வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுப்பாள். முதுகெலும்பு கோணிக்கொண்டே போகிறது, விட்டால் நுரையீரலை நெருக்கிவிடும், கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்றார் டாக்டர். கம்பியோடு எலும்புத் துண்டுகளையும் வைத்தால்தான் எல்லாம் ஒன்றாகக் கூடுமாம். அவளுடைய எலும்பு மட்டும் போதாது, தானமாக வந்ததும் வேண்டும் என்றார். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பரிசோதித்துச் சுத்தம் செய்து வைத்திருப்பதே போதும் என்றார்.

என் வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். “செத்தவன் எலும்ப எம்புள்ள முதுகுல வைக்கவா? வேணாம், வா போவோம்.”

எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மகள்தான் பேசினாள். “எனக்கு மூச்சு வாங்குதுப்பா. யாரு எலும்பா இருந்தா என்ன?”

அவர் வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து சம்மதித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு அமாவாசைக்கும், முன்னோரை நினைத்துக் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது, பெயர் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கும் தனியாக ஒரு பிடி வைத்தார் என் வீட்டுக்காரர். ‘நம்ம வீட்டு ஆளு’ என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது இதைப் பெருமையாக டாக்டரிடம் சொன்னேன். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அவர் உயிரோட இருக்கிறவர்மா. இடுப்பு மூட்டு மாத்துறப்ப எடுத்த எலும்பைத் தானமா கொடுத்துட்டுப் போனாரு.”

உயிரோடு இருப்பவருக்கா படையல் வைத்தோம்! திரும்பும் வழியில் போடிமெட்டில் டீ குடிக்க இறங்கியபோது என் வீட்டுக்காரர், “அந்தாளு ஆயுசோட நல்லாருக்கணும்” என்றார்.

அந்தத் தனிப்பிடி சோற்றை நிறுத்திவிட்டோம். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு தாங்கித் தாங்கி ஏறினால், எவ்வளவு அலுத்துப்போயிருந்தாலும் மூன்று பேரும் எழுந்துவிடுகிறோம். யார் கண்டது, அவராகவே இருந்துவிட்டால்?