புள்ளிக்கு முன்னால் போடாத கோடு

அன்று வெங்காய மண்டியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி, பணம் வாங்க வந்த கன்னிவாடிப் பெரியவர், கம்ப்யூட்டர் முன்னால் நான்.

எங்கள் கணக்கில் ஊருக்கு ஓர் எண், பிறகு புள்ளி, பிறகு விவசாயியின் எண். சித்தையன்கோட்டையின் பன்னிரண்டாவது ஆள் 4.12. லோடுக்கு லோடு பின்னால் ஓர் எழுத்து சேரும்: 4.12அ, 4.12ஆ. அந்தச் சித்தையன்கோட்டைக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. அவருடைய எல்லா லோடுகளின் பாக்கியையும் ஒரே அடியில் பூஜ்யமாக்க, டேட்டாபேஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது பொருந்தும் எண்களையெல்லாம் பிடிக்கும் தேடல் குறிப்பாக, 4.12 என்று மட்டும் அடித்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். வீடியோ பார்த்துக் கற்றது அவ்வளவுதான்.

அவருடைய மூன்று லோடுக்கு மூன்று வரி மாறும் என்று நினைத்தேன். திரை முழுக்கப் பூஜ்யம்.

எண் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று முன்னால் ^ போட்டிருந்தால் கன்னிவாடியின் 14.12 தப்பியிருக்கும். தேடலில் வெறும் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்; அதன் முன் \ கோடு போட்டிருந்தால் (எங்கள் டேட்டாபேஸில் இரண்டு போட வேண்டும்) புள்ளியே இல்லாத பழைய 4312 தப்பியிருக்கும். பின்னால் எண் வரக்கூடாது என்றிருந்தால் 4.120 தப்பியிருக்கும். மாற்றும் முன் எதெல்லாம் சிக்குகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் எல்லாமே தப்பியிருக்கும்.

பேக்கப் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அதை ஏற்றினேன். அதற்குப் பின் வந்த லோடுகள் அதில் இல்லை; அவற்றுக்கு விவசாயி கையிலிருக்கும் சீட்டுதான் சாட்சி. பெரியவர் லோடு செவ்வாய்க்கிழமை இறங்கியது. அவருடைய எண் 14.12.

"சீட்டு எங்க அப்பு?" என்று பெரியவரிடம் கேட்டார் முதலாளி.

"சட்டைப் பையில இருந்துச்சு. வீட்டுக்காரி தொவச்சுப்புட்டா."

"நல்லா தொவச்சா. என் மண்டிக் கணக்கையும் சேத்து."

"ஒம்பதாயிரத்து இருநூறுங்க. கெணத்து மோட்டாரு காயில் கட்டுற கடையில கெடக்கு. பணம் குடுத்தாத்தான் தருவான். நாத்து காயுது."

"கம்ப்யூட்டர்ல இல்லையே."

"இருந்துச்சுண்ணே," என்றேன். "நாந்தான் அழிச்சுப்புட்டேன். அவரு சொல்றது நெசந்தான்."

முதலாளி என்னையே பார்த்தார். "ஏலே, அப்ப நீயே குடு. நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் இருந்தது இரண்டாயிரம். பெரியவர் அதை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார். "மோட்டாரு வராதே தம்பி, இதுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவருக்கு இன்னும் நான் தர வேண்டியது ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.