பெரட்டுக்கு வரும் கருப்பன்

ராக்காயி சிரித்தால் நாலு நிரை தள்ளிப் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிற எனக்குக் கேட்கும். மலாயாவில் பத்து காஜா ஊர்ச் சாலையோரத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், அந்தச் சிரிப்புக்கு அடுத்தபடி பேர்போனது அவளுடைய நாய் கருப்பன். விடிகாலைப் பெரட்டில் கங்காணி பிச்சைமுத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, வந்த ஆளுக்குப் புத்தகத்தில் பேர் போடுவார். "ராக்காயி" என்றதும், அவள் வாய் திறப்பதற்குள் கருப்பன் குரைத்துவிடுவான்.

"பேரு உனக்கா நாய்க்கா?" என்பார் கங்காணி.

"ரெண்டு பேரும் ஒரே பானையிலதான் திங்கிறோம், போடுங்கண்ணே."

அந்தக் கருப்பன் திடீரென்று சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டான். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. டிரஸ்ஸர் ஆம்புரோஸ் மனுஷருக்கு மருந்து கொடுப்பவர். ராக்காயி விடாததால் வந்து அமுக்கிப் பார்த்தார்.

"உள்ளே கட்டி. வலியில வச்சிருக்காதே, ராக்காயி. துரைகிட்டத் துப்பாக்கி இருக்கு. ஒரு நொடி."

ராக்காயி கருப்பனின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரிங்கய்யா," என்றாள் கடைசியில். "ஆனா எப்போங்கிறதை அவனே சொல்லட்டும். என் பேருக்கு அவன் குரல் குடுக்காத அன்னிக்குத் துரையைக் கூப்பிடுங்க."

மறுநாள் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தாள். பேரைக் கூப்பிட்டதும் ஒரு முனகல் வந்தது. அதற்கடுத்த நாள் வால் நுனி மட்டும் அசைந்தது.

"வாலும் சேர்த்தியா?" என்றார் டிரஸ்ஸர்.

"இது என் பெரட்டு. வால் வந்தா ஆள் வந்த மாதிரி," என்றார் கங்காணி, மீசையைத் தடவுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு அந்தக் காலையும் வந்தது. கங்காணி கூப்பிட்டார். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். வாலும் அசையவில்லை.

"சொல்லிருங்க," என்றாள் ராக்காயி.

நடுப்பகலில் பாலை எடை போட்டு முடித்ததும் வருவதாகத் துரை சொல்லியனுப்பினார். வெறும் வயிற்றோடு அனுப்ப அவளுக்கு மனசில்லை. கருவாட்டுக் குழம்பில் தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் நக்கினான். அப்புறம் குண்டானிலேயே மூக்கை விட்டான். நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு குலுங்கி, ஓங்கரித்து, வெள்ளையாய் உருண்டையாய் ஒன்றைக் கக்கினான். அது வாசலில் துள்ளிக்கொண்டு ஓடிற்று!

கங்காணி குச்சியால் புரட்டினார். "அட, ஒட்டுப்பாலு!"

வாளியிலிருந்த ரப்பர்பாலைக் குடித்திருக்கிறான். அது வயிற்றுக்குள்ளே உறைந்து ரப்பராகிவிட்டது.

"திருட்டுப் பயலே, கம்பெனிச் சொத்துடா அது! ஸ்டோர்ல சேர்க்கணும்," என்றார் கங்காணி.

"நீங்களே கழுவி எடுத்துட்டுப் போங்கண்ணே!"

ராக்காயி சிரித்தாள். துரை துப்பாக்கியோடு வந்து நின்றபோது, சிரித்த சிரிப்பில் விஷயத்தை எடுத்துச் சொல்லக்கூட ஒருவருக்கும் மூச்சில்லை. டிரஸ்ஸர் உருண்டையைக் காட்டினார். துரை குழலைத் தரைக்குத் தாழ்த்தினார்.

மறுநாள் பெரட்டில் ராக்காயியைக் காணோம். கருப்பனுக்காகக் கண்விழித்த அத்தனை ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கருப்பன் மட்டும் எலும்பும் தோலுமாக நடந்துவந்து, வரிசையில் அவள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தான்.

"ராக்காயி!"

குரைத்தான். கங்காணி நிமிர்ந்தே பார்க்காமல் அவள் பேரைப் போட்டார்.