பச்சைக் குறியை நம்பாத பரிமளா

செய்தி வந்தபோது நான் மந்தாரக்குப்பத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பரிமளாவின் தம்பி முருகையன் கூப்பிட்டான். "அக்கா போயிடுச்சுண்ணே. டயாலிசிஸுக்குக் கெளம்பிக்கினு இருந்துச்சு. செருப்பு மாட்டக் குனிஞ்சது, அப்படியே..." பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். பெட்ரோல் போடாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் பரிமளாவைத் தெரியும். கணினியிலிருந்து தலை நிமிராமலே "சீட்டு கொண்டாந்தீங்களா?" என்பார். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

இங்கே ஒப்பந்ததாரர் மாறுவார். வேலை மாறாது, ஆளும் மாறமாட்டார். இருபது வருடம் உழைத்தவர் காகிதத்தில் போன வருடம் சேர்ந்தவராக இருப்பார். பெர்மனன்ட் கேட்டுப் போனால் ஆதாரம் கேட்பார்கள். பரிமளாவின் அப்பா முத்தாண்டிக்குப்பத்தில் கூலி வேலை பார்த்து, பிறகு ஒப்பந்தத்துக்கு வந்தவர். அவர் சேர்த்து வைத்திருந்த வருகைச் சீட்டுகள் ஒரு மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. கடைசிவரை கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்து செத்தார். சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், உறுப்பினர்களின் வருகைச் சீட்டுகளையும் கேட் பாஸ்களையும் வாங்கி, ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு கோப்பாகக் கணினியில் சேர்க்கத் தொடங்கினார் பரிமளா. யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

கோப்புகள் பெருகியதும், கணினி பழுதானால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. ஒருவர் வந்து பேக்கப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். தினமும் மாலை ஆறு மணிக்குக் கணினியில் இருப்பதையெல்லாம் அது தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும். "இனிமே நீங்க எதையும் பாக்க வேணாம்மா. முடிஞ்சதும் பச்சை டிக் வரும்" என்றார்.

"டிக் வரும் சரி. நகல் உள்ள இருக்குதான்னு யாரு பாக்கறது?"

"அதான் டிக் வருமேம்மா."

பரிமளா அவரைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் மதியம், பேக்கப் பெட்டியிலிருந்து யாராவது ஒருவருடைய கோப்பைப் பழைய மடிக்கணினியில் இறக்குவார். திறப்பார். பெயரையும் வருடங்களையும் வாய்விட்டுப் படிப்பார். தேதி போட்டுக் கையெழுத்திடுவார். எனக்கு அது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது. எங்கள் தலைவர் கூட்டத்திலேயே சொன்னார்: "வெளிய ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. நீ உள்ள பேரு படிச்சுக்கினு இருக்கே."

பரிமளா எழுந்து நின்று பதில் சொன்னார். "அவங்க பேருதாங்க படிக்கிறேன். வேணாம்னா ஆளை மாத்திக்குங்க. நான் இருக்கிறவரைக்கும் பாப்பேன்."

ஒரு வெள்ளிக்கிழமை, பாவாடைசாமி என்பவருடைய கோப்பைத் தேடினார். பெட்டியில் அது இல்லை. வேறொன்றைத் தேடினார், அதுவும் இல்லை. கணினியில் கோப்புகள் இருந்த பகுதியில் இடம் போதவில்லையென்று அதற்கு முந்தைய நாள் நான்தான் கோப்புகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். பேக்கப்போ பழைய இடத்தையே, அங்கிருந்த வெறுமையையே, நகல் எடுத்து, ஏற்கெனவே இருந்த நகலையும் துடைத்துவிட்டிருந்தது. எடுத்து முடித்ததும் பச்சைக் குறியும் காட்டிவிட்டது. பெட்டி வைத்தவரைக் கூப்பிட்டோம். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தானே வேலை செய்யுது, பச்சை காட்டுதே மேடம்" என்றார்.

"பச்சை காட்டுது. பாவாடைசாமியோட பதினோரு வருஷத்தைக் காட்டச் சொல்லுங்க பாப்போம்."

அவர் அதைச் சரிசெய்து, எல்லாக் கோப்புகளும் பெட்டிக்குள் ஏறி, நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகுதான் பரிமளா அவரை வீட்டுக்குப் போகவிட்டார். பிறகு நோட்டில் "கோப்பு இல்லை. காரணம்: இடம் மாற்றியதைச் சொல்லவில்லை" என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அலுவலகக் கூரை ஒழுகி, கணினி நனைந்து செத்தது. ஒரே வாரத்தில் கடலூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் தொடர்ந்து உழைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஒப்பந்ததாரரின் வக்கீல் எழுந்து, தங்கள் கணினி பழுதாகிப் பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்றார். வருத்தம் தெரிவிப்பவர் போலத்தான் சொன்னார். முகத்தில் வருத்தம் இல்லை.

"எங்க கம்ப்யூட்டரும்தான் சார் போச்சு" என்றார் பரிமளா. "ஆனா பதிவு போவல."

பேக்கப் பெட்டியை மாட்டிப் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு கோப்பாக வந்தது, மேற்பார்வையாளர்களின் கையெழுத்தோடு. ஏழுமலையின் கோப்பில் முதல் ஆறு வருடப் பக்கங்கள் மட்டும் மங்கலாக, படிக்க முடியாமல் இருந்தன. வக்கீல் சிரித்தார். பரிமளா குரலைத் தாழ்த்தவில்லை. "இது எங்க தப்பு சார். நான் எடுத்த ஸ்கேன் சரியா விழல. அப்படியே எழுதிக்குங்க. அடுத்ததைத் திறக்கட்டுங்களா?"

அதிகாரி நீள நோட்டை வாங்கிப் புரட்டினார். "வாராவாரம் திறந்து பாத்திருக்கீங்களே, பாக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். பாக்க வேணாம்னுதான் சொன்னாங்க."

தலைவரும் நானும் தரையைப் பார்த்தோம்.

மற்ற எல்லோருடைய வருடங்களும் உத்தரவில் ஏறின. ஏழுமலைக்கு அந்த ஆறு வருடம் ஏறவில்லை; அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்த அசல் சீட்டுகளும் தொலைந்துபோயிருந்தன. அவர் பரிமளாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பரிமளாவுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து, உரியவரே திரையைப் பார்த்து "படிக்க முடியுது" என்று சொன்ன பிறகுதான் எந்தச் சீட்டையும் திருப்பிக் கொடுத்தார்.

பரிமளா சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. மருத்துவமனையில் பார்க்கப் போயிருந்தேன். கையில் ஊசி ஏறியிருந்தது. "வெள்ளிக்கிழமை பாத்தீங்களாண்ணே?" என்றார். பார்த்தேன் என்றேன்.

"யாரோடது?"

எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. பரிமளா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நேரே அலுவலகத்துக்குப் போய், முதலில் கிடைத்த கோப்பை இறக்கித் திறந்து, போன் செய்து படித்தேன்: "கலியபெருமாள். ஒன்பது வருஷம். எல்லாப் பக்கமும் தெரியுது." "ம். இப்பச் சொல்லுங்க பாத்தேன்னு" என்றார்.

இரங்கல் கூட்டம் முடிந்த வாரமே செயற்குழு கூடியது. கோப்புகளை இணையத்தில் ஏற்றிவிடலாம், அங்கே எல்லாம் தானாகவே பத்திரமாக இருக்கும், இனி யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு தீர்மானம் வந்தது. இணையத்தில் ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பார்க்க வேண்டியதில்லை என்ற வரியை எடுக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து நின்றேன். "நீயும் அந்தம்மா மாதிரியே சண்டைக்கு நிக்கிறியேய்யா" என்றார் தலைவர்.

நிற்கிறேன். பரிமளாவின் நினைவாக அவருடைய படத்தையோ நாற்காலியையோ நான் கேட்கவில்லை. சண்டைக்காரி என்று அவருக்கு இருந்த பெயரைத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று மாலை அந்த வரியை அடித்துவிட்டார்கள். அடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.